கடல்கோளும் நமது கடமையும்

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரிட்ட பெருங்கேட்டைத் தமிழ்நாடு மறந்துவிட்டதென்று எவரும் குறைகூற முடியாது. வருஷந்தோறும் அத்தேதியில் கடலில் பால் வார்க்கிறார்கள்; மலர் தூவுகிறார்கள்; தாய்மார் மணலில் அமர்ந்து அழுகிறார்கள்; மந்திரிகள் அனுதாப அறிக்கை விடுகிறார்கள். இறந்தோரை நினைத்தல் மனித தர்மம். ஆயின், அவர்கள் எதனால் இறந்தார்கள், அக்கேடு மீண்டும் வருமா, வந்தால் நாம் செய்யத்தக்கது யாது என்று கேட்டறிதல் பிரஜா தர்மமாகும். முதல் தர்மத்தை நாம் குறைவின்றிச் செய்து வருகிறோம். இரண்டாவதில் எவ்வளவு தேறியிருக்கிறோம் என்பதையே இன்று ஆராய விரும்புகிறோம்.

இது கடற்கரையாரின் காரியம், தளவானூரிலும் செஞ்சியிலும் இருப்பவர்களுக்கு இதில் என்ன, என்று உள்நாட்டு வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். தளவானூர்க் குன்றில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் ஆயிரத்து நானூறு வருஷங்களாக அசையாது நிற்கிறது. செஞ்சிக் கோட்டையைத் தாங்கும் பாறைகளோ மிகப் பழமையானவை. கடலோ சில காதம் கிழக்கே இருக்கிறது. ஆகவே அச்சமில்லை என்பது அவர்கள் எண்ணம். பாறை உறுதியானது என்பது மெய்யே. ஆனால் பாறையின் மேல் வாழும் மக்கள் பாறையோடு கட்டுண்டவர்களா? மாசி மகத்தன்று மயிலம் முருகனும், திண்டிவனம் பெருமாளும், செஞ்சி அரங்கநாதரும் புதுவை வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார்கள். அவர்கள் பின்னே நமது தாலூகாவின் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் செல்கிறார்கள். விடுமுறை நாட்களில் மாமல்லபுரத்துக்கும் மரக்காணத்துக்கும் குழந்தைகளோடு போகிறவர்களும் இவர்களே. கடலோரத்தில் பிறந்தவனுக்காவது அலையின் குணம் ஓரளவு தெரியும். உள்நாட்டான் ஏதுமறியாமல் அலையின் முன் நிற்கிறான். எனவே இக்கல்வி அவனுக்கு இன்னும் அதிகம் வேண்டும்.

முதலில் காரணத்தை அறிவோம். பூமியின் மேலோடு ஒரே ஓடன்று. பல பெருந் தட்டுகளாகப் பிரிந்துள்ளது. நாம் நிற்கும் இந்தியத் தட்டு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து, அந்தமான், நிக்கோபார், சுமத்ரா தீவு வரிசைக்கு மேற்கேயுள்ள ஆழ்கடல் அகழியில் எதிர்த் தட்டின் அடியிற் புகுகிறது. புகும்போது இரண்டும் பற்றிக்கொள்கின்றன. கீழ்த் தட்டு இழுக்க இழுக்க, மேல் தட்டின் விளிம்பு வளைத்த மூங்கிலைப்போல் வளைந்துகொண்டே போகிறது. நூற்றாண்டுகள் கழித்து ஒரு நாள் அப்பிடி விட்டுப்போகிறது. அன்று மூங்கில் நிமிர்கிறது. கடலின் தரை எழும்புகிறது. அதன் மேலுள்ள நீர் மலையெனத் திரண்டு இரு பக்கமும் ஓடுகிறது.

2004-ல் இந்திய நேரம் காலை 6 மணி 29 நிமிஷத்துக்கு நிகழ்ந்தது இதுவே. பூகம்ப அளவு 9.1. பிளந்த நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். அதாவது சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலிற் போகும் தூரம். நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கின் அடி நீரில் முழுகிற்று. இவ்வகழி அந்தமான் பக்கத்தில் வடக்குத் தெற்காக ஓடுவதால், எழும் அலையின் பெருவலி நேர் மேற்கே இலங்கையையும் தமிழ்நாட்டையும் நோக்கி வருகிறது. ஆழ்கடலில் அதன் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர். அங்கு கப்பலில் இருப்பவன் அதை உணரவும் மாட்டான். கரையை அணுகி ஆழம் குறையும்போதே வேகம் தணிந்து உயரம் கூடுகிறது.

அலை நமது கரையைத் தொட்டபோது மணி சுமார் 9. பூகம்பத்துக்கும் அலைக்கும் இடையே இரண்டரை மணி நேரம் இருந்தது. நாகப்பட்டினத்துத் தாய் தன் பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு நடந்தே தப்பியிருக்கக்கூடிய நேரம் அது. ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையத்தார் 15 நிமிஷத்தில் பூகம்பத்தைக் கண்டு அறிக்கை விடுத்தார்கள். ஆனால் அளவை 8.0 என்று குறைத்து மதித்தார்கள். இந்து சமுத்திரக் கரையில் எவருக்குச் சொல்வதென்ற ஜாபிதாவும் அவர்களிடம் இல்லை. நமது பக்கத்தில், கார் நிக்கோபார் விமானத் தளம் நீரில் அமிழ்ந்த செய்தி அலை சென்னையை எட்டுமுன்பே ராணுவத்தாருக்குக் கிடைத்திருந்தது. வானிலை இலாகாவின் தகவலோ பதவியிலிருந்து போய்விட்ட பழைய மந்திரியின் பெயருக்கு அனுப்பப்பட்டதென்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. மொத்தம் 14 தேசங்களில் இரண்டே கால் லட்சம் பேருக்கு மேல் மாண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர். அவர்களில் பெரும் பகுதியினர் நாகப்பட்டினம் ஜில்லாவினர். இரண்டரை மணி நேரத்துக்குள் ஒரு சொல் கரைக்கு வந்து சேராமையால் போன உயிர்கள் இவை.

முன்பின் கண்டறியாத ஆபத்து என்று அன்று அதிகாரிகள் சமாதானம் கூறினார்கள். இச்சமாதானம் எந்த நியாயஸ்தலத்திலும் நில்லாது. சாட்சியம் அதற்கு எதிராக இருக்கிறது. 1881-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி கார் நிக்கோபார் அருகே பெரும் பூகம்பம் உண்டாயிற்று. அதனால் எழுந்த சிற்றலைகளைச் சென்னை, நாகப்பட்டினம், விசாகப்பட்டினம் முதலிய துறைகளின் ஓதமானிகள் எழுதி வைத்தன. புவியியல் இலாகாவிலிருந்த ஆர். டி. ஓல்ட்ஹாம் அதைக் குறித்து எழுதினார். 1897-ம் வருஷத்து அஸ்ஸாம் பூகம்பத்தை ஆராய்ந்து, பூகம்ப அலைகளின் வகைகளைப் பிரித்துக் காட்டியவரும், பின்னர் 1906-ல் பூமிக்கு உட்கரு உண்டென்று நிறுவியவரும் அவரே. அந்த 1881 ஏடுகளை அயல்நாட்டு விஞ்ஞானிகளான ஓர்டிஸும் பில்ஹாமும் மீண்டும் கணித்து 2003-ல், அதாவது பேரழிவுக்கு ஒரு வருஷம் முன், கட்டுரை வெளியிட்டார்கள். ஏடு நம்முடையது, துறைமுகம் நம்முடையது, படித்தவர்கள் பிறர். இச்செய்தி நம்மை உறுத்த வேண்டாமா?

நமது இலக்கியமும் கடல்கோளை அறியும். புகாரைக் கடல் கொண்டதென மணிமேகலை கூறும். புலவர் கற்பனை என்று தள்ளப்பட்ட இச்செய்திகளை இன்று மண்ணைக் கொண்டு சோதிக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் சோழர் காலத்துக் கடற்பொங்கல் ஒன்றின் மணற்படிவைக் கண்டதாக ராஜேந்திரன் குழுவினர் 2011-ல் எழுதினர். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் 2004-ம் வருஷத்து அலை மணலை வாரிச் சென்றதும் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. தொல்லியலார் தோண்டியபோது செங்கற்கட்டான பழைய முருகன் கோயில் அகப்பட்டது. அது கடற்பொங்கலால் அழிந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. தாய்லாந்தின் பிரா தோங் தீவிலும் சுமத்ராவின் அச்சே கரையிலும் 2008-ல் வெளியான ஆராய்ச்சிகள், 2004-க்கு ஒப்பான பேரலை சுமார் அறுநூறு வருஷங்களுக்கு முன் வந்ததெனக் காட்டின. ஒரு தேசத்தின் மணல் மட்டும் இச்சரித்திரத்தைச் சொல்லாது. அச்சேயின் மணலையும், தாய்லாந்தின் மணலையும், இலங்கையின் மணலையும், காவேரி முகத்து மணலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே ஒரே அலையா, வேறு வேறு அலைகளா என்பது விளங்கும். கூட்டு ஆராய்ச்சி வேண்டுமென நாம் வற்புறுத்துவதற்கு இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் வியப்பானது. 2016-ல் பல தேசத்து விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு ஜாய்டெஸ் ரெஸல்யூஷன் என்னும் துளைக் கப்பல் கொழும்பிலிருந்து புறப்பட்டுச் சுமத்ரா அகழிக்கு மேற்கே கடற்தரையை ஒன்றரை கிலோமீட்டர் வரை துளைத்தது. அங்கு குவிந்திருந்த வண்டல் எங்கிருந்து வந்தது? இமயமலையிலிருந்து! கங்கையும் பிரமபுத்திராவும் அரித்துச் சென்ற மண் வங்கக் கடலின் அடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, அகழியின் வாயிற் குவிந்திருக்கிறது. அக்குவியலின் பளுவாலும் வெப்பத்தாலும் தாதுக்களில் அடங்கிய நீர் முன்னதாகவே வெளியேறிவிட, வண்டல் இறுகிவிடுகிறது. அதனாலேயே பிளவு கடற்தரைக்கு மிக அருகில்வரை ஓடி அலை இவ்வளவு பெரிதாயிற்று என்று 2017-ல் அவர்கள் விளக்கினார்கள். இமயத்தின் மண், சுமத்ராவின் அகழி, நாகப்பட்டினத்தின் மரணம் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். இச்சங்கிலியை ஒரு தேசத்தின் எல்லைக்குள் நின்று எவர் ஆராய முடியும்?

அதே கப்பலை அமெரிக்க சர்க்கார் செலவைக் காரணம் காட்டி 2024-ல் ஓய்வு பெறச் செய்துவிட்டது. ஒரு அயல் தேசத்துக் கஜானாவின் மனம் மாறினால் வங்கக் கடலின் ஆராய்ச்சி நின்றுவிடும் என்ற நிலை நமக்குக் கண்ணியமாகுமா? ஜப்பான் தன் கப்பலைக் கொண்டு, 2011-ம் வருஷம் மார்ச் 11-ந் தேதிப் பூகம்பத்தில் வழுக்கிய பிளவையே அடுத்த வருஷத்தில் துளைத்துப் பார்த்தது. தன் கிழக்குக் கடலின் தரையில் கேபிளால் பிணைத்த 150 நிலையங்களை நிறுவியது. கூட்டுறவு என்பது பிறர் கப்பலில் விருந்தாளியாய் ஏறுவதன்று. நாமும் ஒரு கப்பலும் கருவியும் கொண்டு சபையில் சமமாக உட்கார்வதே உண்மையான கூட்டுறவு.

தில்லி சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. பூகம்பம் நிகழ்ந்த சுமார் பத்து நிமிஷத்துக்குள் முதல் அறிக்கை விடும் திறமையை அது பெற்றிருக்கிறது. 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தோனேஷியா ஆகிய தேசங்களுடன் சேர்ந்து இந்து சமுத்திரக் கரைத் தேசங்கள் அனைத்துக்கும் எச்சரிக்கை வழங்கும் பொறுப்பை இந்தியா வகிக்கிறது. 1965 முதல் பசிபிக் தேசங்கள் கூடிச் செய்துவந்ததை நாம் 2005-க்குப் பின்னரே தொடங்கினோம். தொடங்கிய பின் நன்றாகவே செய்தோம். 2012 ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் பூகம்பம் நேர்ந்து, சென்னைவாசிகள் கட்டடங்களைவிட்டுத் தெருவுக்கு ஓடியபோது, ஹைதராபாத் நிலையம் தாமதமின்றி அறிக்கை விடுத்தது. அன்று தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை.

ஆயினும் குறைகளை மறைத்தல் பத்திரிகையின் வேலையன்று. பூகம்பமானிகளின் பதிவை உடனுக்குடன் பிறருக்குக் கொடுத்தால் நமது ராணுவ ரகசியங்கள் வெளியாகுமென்று தில்லி ஆரம்பத்தில் தயங்கிற்று. பிறகே போர்ட்பிளேர், மினிக்காய், ஷில்லாங் நிலையங்களின் பதிவுகளைப் பகிர முன்வந்தது. தேசத்தின் காவலை விரும்புவதில் நாம் எவருக்கும் பின்னடைந்தவரல்லர். ஆனால் பூகம்பத்துக்குக் குடியுரிமைச் சீட்டுக் கிடையாது. அச்சேயின் பதிவு நமக்கு வேண்டுமென்றால், நமது பதிவு கொழும்புக்கும் ஜகார்த்தாவுக்கும் யாங்கூனுக்கும் போகத்தான் வேண்டும். அந்தமான் பக்கத்தில் நாம் அறிந்ததைப் பிறர் அறியாதிருப்பதால் நமக்கு என்ன லாபம்?

கிரேட் நிக்கோபாரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். 2004-ல் நிலம் தாழ்ந்த அதே தீவில், கலாத்தியா விரிகுடாவில், பெருந் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்க 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. தேச நன்மைக்கெனச் சொல்லப்படும் இத்திட்டம், அத்தீவின் அடியிலுள்ள தட்டு மறுபடி எவ்வாறு இறுகி வருகிறதென்ற ஆராய்ச்சியைப் பகிரங்கமாக வெளியிட்டு, விஞ்ஞானிகளின் விவாதத்துக்கு விட்டு, அத்தீவின் நிக்கோபாரியரும் ஷோம்பென்னரும் அறிந்ததைக் கேட்ட பின் நடைபெற வேண்டியதாகும்.

இனி, கல்வி. அறிவிப்பு இயந்திரத்திலிருந்து கரைக்கு வரும் கடைசி ஒரு மைலில்தான் உயிர் போகிறது அல்லது பிழைக்கிறது. சுமத்ராவுக்கு அருகேயுள்ள சிமலூ தீவில் 1907-ல் ஒரு பேரலை பலரைக் கொன்றது. அன்று முதல் அத்தீவின் பாட்டிமார் "ஸ்மோங்" என்ற ஒரு சொல்லைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு. 2004-ல் பிளவுக்கு மிக அருகிலிருந்த அத்தீவின் சுமார் 78,000 பேரில் இறந்தவர் ஏழு பேர்! எந்த இயந்திரமும் அவர்களை எச்சரிக்கவில்லை. அந்தமானின் ஓங்கியரும் ஜாரவரும் இவ்வாறே மேட்டுக்குச் சென்று தப்பினர். தாய்லாந்துக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, இரண்டு வாரங்களுக்கு முன் பூகோள வகுப்பிற் கேட்ட பாடத்தை நினைவுகூர்ந்து, நூறு பேர் வரையில் காப்பாற்றினாள். ஜப்பானிலோ, 1854-ல் தன் நெற்போர்களைக் கொளுத்திக் கிராமத்தாரை மேட்டுக்கு வழிகாட்டிய ஹமகுச்சி கோர்யோவின் கதையைப் பள்ளிப் பாடமாக வைத்தார்கள். அந்நிகழ்ச்சியின் நினைவாகவே நவம்பர் 5-ந் தேதியை உலக சுனாமி விழிப்புணர்வு தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் தீர்மானித்தது.

நமக்கருகே புதுவையைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்தின் உதாரணம் ஒன்றே போதும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியால் அங்கு ஓர் அறிவு நிலையம் இருந்தது. கடல் நிலையைத் தினந்தோறும் ஒலிபெருக்கியில் அறிவிப்பது அதன் வழக்கம். அன்று சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைக் கண்டு வீட்டுக்கு டெலிபோன் செய்தார். அதே ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போயிற்று. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் பிழைத்தார்கள். ஒலிபெருக்கி புதிதன்று, அதன் சொல்லை நம்பும் பழக்கம் ஜனங்களுக்கு முன்பே உண்டாகியிருந்தது.

ஆகவே கேட்கிறோம்: தமிழ்நாட்டுக் கடற்கரைக் கிராமங்களில் இப்பழக்கம் எங்கே? ஐக்கிய நாடுகள் சபையின் யுனெஸ்கோ ஸ்தாபனம் கிராமங்களைப் பரீட்சித்து "சுனாமிக்குத் தயார்" என்று நற்சாட்சி அளிக்கிறது. 2020-ல் ஒடிசாவின் வெங்கட்ராய்பூரும் நோலியாசாஹியும் அதைப் பெற்றன. 2024-ல் அதே மாநிலத்தின் 24 கிராமங்கள் பெற்றன. ஒடிசா புயலைக் கண்டு பாடங் கற்றது. கற்றதை வேறு ஆபத்துக்கும் பயன்படுத்திற்று. தேசத்தின் பெருநிலத்தில் 2004-ல் மிக அதிகம் இழந்தது தமிழ்நாடு. அப்பட்டியலில் முதலில் நிற்க வேண்டியதும் தமிழ்நாடே.

நமது யோசனைகளைச் சுருக்கமாகக் கூறுகிறோம். முதலாவது, மரக்காணம் முதல் கன்னியாகுமரி வரை ஒவ்வொரு மீனவக் குப்பமும் வருஷத்துக்கு ஒரு முறையேனும் மேட்டுக்கு நடந்து பழக வேண்டும். பஞ்சாயத்தாரே அதை நடத்த வேண்டும். இரண்டாவது, உள்நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் இப்பாடம் கதையாகவும் பழக்கமாகவும் கற்பிக்கப்பட வேண்டும். நிலம் நீண்டு ஆடினால் உத்தரவுக்குக் காத்திராதே. கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கச் செல்லாதே. உள்வாங்காமலும் அலை வரலாம். முதல் அலையே பெரிதென்று எண்ணித் திரும்பாதே. இந்நான்கு வாக்கியங்களைத் தளவானூர்ப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது, எச்சரிக்கை அறிக்கைகள் மீனவர் பேசும் தமிழில், ஹைதராபாத்திலிருந்து கரைவரை ஒரே சொற்களில் வரவேண்டும். நான்காவது, நமது சர்வகலாசாலைகள் கொழும்பு, யாழ்ப்பாணம், அச்சே சர்வகலாசாலைகளுடன் கூடி மாணவர்களைப் பரிமாறி, கரை மணலையும் கடற்தரையையும் ஆராய வேண்டும். முடிவுகளைத் தமிழில் வெளியிடவும் வேண்டும். ஐந்தாவது, ஆழ்கடலில் மிதக்கும் எச்சரிக்கை மிதவைகள் மீன்பிடிக் கலங்களால் சேதமடைகின்றன. தண்டனையால் மட்டும் இது தீராது. அம்மிதவை தன் குழந்தையின் காவற்காரன் என்பதை மீனவர் அறியும்படி விஞ்ஞானிகள் குப்பத்துக்கு வந்து பேச வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஒரு பகல் மேட்டுக்கு நடத்திச் செல்ல எவ்வளவு பணம் வேண்டும்? வேண்டுவது மனம். இயந்திரம் தவறும் நாளும் உண்டு. 2018-ல் இந்தோனேஷியாவின் பாலுவிலும், அதே வருஷம் கிரக்கட்டோவாக் கடலிலும், வழக்கமான விதத்தில் எழாத அலைகள் கருவிகளை ஏமாற்றின. 2025 ஜூலையில் கம்சட்காவில் 8.8 அளவில் பூகம்பம் நேர்ந்தபோதோ, பசிபிக் கரையெங்கும் லட்சக்கணக்கானோர் சொன்னவுடன் மேட்டுக்குச் சென்றார்கள், பேரழிவு நேரவில்லை. அறுபது வருஷக் கூட்டுப் பழக்கத்தின் பயன் அது.

அந்தமான் அகழியில் மூங்கில் மறுபடி வளைந்துகொண்டிருக்கிறது. அது நிமிரும் நாள் நமது காலத்திலா, நமது பேரர் காலத்திலா என்பதை எந்த விஞ்ஞானியும் சொல்ல முடியாது. அன்று கிடைக்கும் இரண்டு மணி நேரத்தை வீணாக்காத ஜனசமூகமாக நாம் இருப்போமா என்பதை மட்டும் இன்றே தீர்மானிக்கலாம். அரசியல் தொண்டர்கள் இதைத் தங்கள் வேலைத் திட்டத்திற் சேர்த்துக்கொள்ள வேண்டும். தில்லியும் சென்னையும் செய்யவேண்டியதைக் கேட்டு வாங்கும் உரிமையும், தத்தம் ஊரில் செய்யவேண்டியதைத் தாமே தொடங்கும் கடமையும் அவர்களுடையன. அடுத்த டிசம்பர் 26-ந் தேதி, கடலில் பால் வார்த்த பின், ஒவ்வொரு குப்பத்திலும் ஜனங்கள் ஒரு முறை மேட்டுக்கு நடந்து காட்டட்டும். இறந்தோருக்கு நாம் செய்யும் சிரார்த்தம் அதனாலேயே நிறைவு பெறும்.